ரெண்டும் இடதுகால்

விரிஞ்சிபுரம் ஸ்டாப் வந்தால் ஜெஸ்டன் பஸ்ஸிலேயே குனிந்துவிடுவான். சீட்டுக்கு அடியில் எதையோ தொலைத்தவன் மாதிரி தலையை முழங்காலுக்குள் விட்டுக்கொண்டு, பஸ் கிளம்பி இரண்டு நிமிஷம் ஆன பிறகுதான் நிமிர்வான். அந்த ஸ்டாப்பில்தான் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சத்தியநாதன் காலையில் பேப்பர் வாங்க வந்து நிற்பார். அவர் மகள் ஜெனிஃபா வேலூரில் நர்ஸ். அவளும் ஜெஸ்டனும் மூன்று வருஷமாகப் பழகுகிறார்கள். விஷயம் வீட்டில் தெரிந்து, அழுகை, உபவாசம், பாஸ்டர் வந்து சமாதானம் எல்லாம் முடிந்த பிறகு, ஹெட்மாஸ்டர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "வேலை பெர்மனென்ட் ஆகட்டும். கன்ஃபர்மேஷன் லெட்டர் கையில வந்தா பேசலாம். அதுவரைக்கும் என் கண்ணுல படாதே." ஹெட்மாஸ்டர் சொன்னதை இவன் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த லெட்டர் இன்றைக்கு வருகிறது. 2008 ஜூலை மாசத்து வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு முதலாளி ஆபித் பாஷா தன் கையாலேயே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதனால் ஜெஸ்டன் அயர்ன் பண்ணின சட்டை போட்டு, கொஞ்சம் சென்ட் கூட அடித்துக்கொண்டு வந்திருந்தான். ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோல் பதனிடுகிற டேனரி வாசனையில் பத்து அடி நடந்ததும் அந்த சென்ட் போன இடம் தெரியவில்லை.

ஆபித் பாஷாவின் கம்பெனியில் லேடீஸ் ஷூ செய்து ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். எந்தக் கார்ட்டனில் எந்த சைஸ் எத்தனை ஜோடி போக வேண்டும் என்று கணக்குப் போட்டு, பேக்கிங் ஸ்லிப் அடித்துக் கொடுக்கிற சாஃப்ட்வேரை ஜெஸ்டன்தான் எழுதியிருந்தான். கம்ப்யூட்டர் ரூம் என்பது அவன், ஒரு மிஷின், ஒரு பிரின்டர், ஒரு டேபிள் ஃபேன். அவ்வளவுதான்.

பையன் கெட்டிக்காரன், அதை மறுக்க முடியாது. சாஃப்ட்வேர் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வாக்கியம் வாக்கியமாக எழுதிவைத்திருந்தான். அதுவும் ஸ்பெசிஃபிகேஷன் என்று இங்கிலீஷில் முழக்காமல், செல்போனில் மெசேஜ் அடிக்கிற மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 'ஒரு கார்ட்டன்ல பன்னெண்டு ஜோடி இருக்கணும்.' 'எல்லா சைஸும் குறைஞ்சது ஒரு ஜோடி இருக்கணும்.' இப்படி இருநூற்றுப் பதினாலு வாக்கியம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் அதைச் சோதிக்கிற நாலு வரி புரோகிராம். கமாண்டை அடித்தால் மிஷின் ஒவ்வொன்றாக எடுத்து, நிஜமாகவே அப்படி நடக்கிறதா என்று ஓட்டிப் பார்த்து, நடந்தால் பச்சையில் காட்டும், நடக்காவிட்டால் சிவப்பில். கமாண்டுக்குப் பின்னால் ஆப்ஷன்கள் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றைப் போட்டால் வாக்கியங்கள் முழுசாகப் பேப்பரில் வரும். இன்னொன்றைப் போட்டால் கேட்கிற ஒரே வாக்கியத்தை மட்டும் சோதிக்கும்.

முதலாளிக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஷூ தொழிலில் எதற்கும் ஒரு அப்ரூவல் கையெழுத்து வேண்டும். சாம்பிள் ஷூ ஒன்றுக்கு, வாங்குகிற பையர் சீல் வைத்து சைன் பண்ணி அனுப்பினால்தான் கட்டிங்கே ஆரம்பிக்கும். அந்தப் பழக்கத்தில் ஆபித் பாஷா, தினமும் ஒன்பது மணிக்கு அந்தச் சோதனை ஷீட் தன் டேபிளுக்கு வர வேண்டும், தான் சைன் பண்ண வேண்டும், பிறகுதான் பேக்கிங் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். கடைசி வரியில் 'ஃபெயில் 0' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இருந்தால் வாலை நீட்டி ஒரு கையெழுத்து.

கஷ்டம் என்னவென்றால், இருநூற்றுப் பதினாலையும் ஓட்டி முடிக்க அந்தக் கிழட்டு மிஷினுக்கு நாற்பது நிமிஷம் பிடித்தது. ஏப்ரலில் ஒரு நாள் கரன்ட் போய், ஜெனரேட்டர் மக்கர் பண்ணி, மிஷின் உயிர் பெற்று எழும்போது மணி எட்டு ஐம்பத்தைந்து. ஐந்து நிமிஷத்தில் முதலாளிக்கு ஷீட் வேண்டும். ஜெஸ்டன் என்ன செய்தான் தெரியுமா? தினமும் மிஷின் தானாகவே எடுத்துக்கொள்கிற ஆப்ஷன்களை எழுதிவைக்கிற ஃபைலைத் திறந்து, கடைசியில் --dry-run என்று ஒரு வரியைச் சேர்த்தான். அதைப் போட்டால் மிஷின் எதையும் ஓட்டிப் பார்க்காது. வாக்கியங்களை வரிசையாகப் படித்துவிட்டுப் போய்விடும். ஓட்டவே இல்லாதது எப்படி ஃபெயில் ஆகும்? எல்லாம் பச்சை, ஃபெயில் 0, மொத்தம் ஒரு செகண்ட். 'நாளைக்கு எடுத்துடலாம்' என்று நினைத்துக்கொண்டான்.

நாளைக்கு எடுத்திருப்பான். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே முதலாளி வேலூரிலிருந்து, மிஷின் வேகமாக ஓட மெமரியைக் கூட்டுகிற புது ராம் வாங்கிவந்து மிஷினில் போட வைத்தார். மறுநாள் ஜெஸ்டனுக்குக் காய்ச்சல், நாலு நாள் லீவு. திரும்பி வந்து கமாண்டை அடித்தால் ஒரே செகண்டில் முடிகிறது. அடேயப்பா, ராம்னா இதான்டா ராம் என்று இவனே வாயைப் பிளந்தான். ஃபைலில் தானே போட்ட வரி காய்ச்சலோடு காய்ச்சலாக மறந்தே போயிருந்தது. "நாப்பது நிமிஷ வேலை, ஒரு செகண்ட்! நான் வாங்கின ராம்!" என்று முதலாளி ஆம்பூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிரியாணிக் கடையில் கூடச் சொன்னதாகக் கேள்வி.

மூன்று மாசம் ஓடிவிட்டது. லெட்டர் வருகிற இந்த வியாழக்கிழமை, பத்து மணிக்கு, கம்ப்யூட்டர் ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு மஹ்பூபி உள்ளே வந்தாள்.

மஹ்பூபி பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். இருபது வருஷ சர்வீஸ். முதலாளி கூட அவளிடம் குரலை இறக்கித்தான் பேசுவார். "இன்னா தம்பி, மூணு நாளா சொல்றேன், காதுலயே வாங்க மாட்டேங்கிற. ரேக்குல முப்பத்தாறாம் நம்பர் நிக்குது. சைஸ் முப்பத்தாறு மட்டும் ஏன் தீர மாட்டேங்குது?"

"மஹ்பூபிக்கா, லைன்ல ஜாஸ்தி ஓட்டியிருப்பாங்க."

"லைன்ல கேட்டுட்டேன். கரெக்டா ஓட்டியிருக்காங்க. உன் ஸ்லிப்புதான் அதைக் கேக்கவே மாட்டேங்குது. நாப்பத்தொண்ணு பத்தாம மேல ஓட்ட வேண்டியதாப் போச்சு."

"ஸ்லிப்பு தப்பா வராதுக்கா. காலையிலதான் இருநூத்துப் பதினாலும் செக் பண்ணேன். பாருங்க, ஃபெயில் ஜீரோ. சார் சைன் கூட இருக்குது." ஷீட்டை எடுத்து நீட்டினான்.

மஹ்பூபி ஷீட்டை வாங்கவில்லை. "மின்னே எவ்ளோ நேரம் ஆவும் இதுக்கு?"

"நாப்பது நிமிஷம்."

"இப்போ?"

"ஒரு செகண்ட். புது ராம்க்கா."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தம்பி, என் செக்‌ஷன்ல ஒரு பொண்ணு ஒரு கார்ட்டன் பாக்க மூணு நிமிஷம் ஆவும். திடீர்னு ஒருத்தி அர நிமிஷத்துல பாக்கிறான்னு வெச்சுக்கோ. அவ கை வேகம் ஆயிடுச்சுன்னு நெனைப்பேனா, கார்ட்டனைத் தொறக்கவே இல்லன்னு நெனைப்பேனா?"

ஜெஸ்டனுக்குக் கோபம் வந்தது. அதிலும் இன்றைக்குப் போய் இந்தப் பேச்சு. "மிஷினும் உங்க பொண்ணுங்களும் ஒண்ணாக்கா?" என்றான்.

"ஒண்ணுதான்னு சொல்லலியே. செக் பண்ணுவோம்னுதான் சொல்றேன்."

மஹ்பூபி செக் பண்ணுகிற முறை பேக்கிங் செக்‌ஷனுக்கே தெரியும். புதுசாக ஒரு செக்கர் வேலைக்குச் சேர்ந்தால், முதல் வாரத்தில் ஒரு கார்ட்டனுக்குள் ரெண்டும் இடதுகாலாக ஒரு ஜோடியை யாருக்கும் தெரியாமல் வைத்துவிடுவாள். கண்டுபிடித்தால் டீ வாங்கித் தருவாள். கண்டுபிடிக்காமல் பாஸ் போட்டால் திட்ட மாட்டாள். அந்த ரெண்டு இடதுகாலையும் மாட்டிக்கொண்டு பேக்கிங் ஹாலை ஒரு சுற்று நடந்து வர வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை நடந்தவர்கள் அதற்குப் பிறகு எந்தக் கார்ட்டனையும் சும்மா விட்டதில்லை.

"எழுது," என்றாள். "ஒரு ஜோடின்னா ரெண்டும் இடதுகாலா இருக்கணும்."

"அக்கா, அது தப்பாச்சே?"

"தப்புன்னு எனக்குத் தெரியாதா? உன் மிஷினுக்குத் தெரியுதா பாப்போம். எழுது."

சிரித்துக்கொண்டே எழுதினான். அடியில் அதற்கான நாலு வரியையும் அடித்தான். இருநூற்றுப் பதினைந்தாவது வாக்கியம். கமாண்டை அடித்தான். ஒரு செகண்ட். ஸ்கிரீன் முழுக்கப் பச்சை. கடைசி வரியில் அழகாக, பச்சையாக, 'ஒரு ஜோடின்னா ரெண்டும் இடதுகாலா இருக்கணும்.' ஃபெயில் 0.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இன்னொருமுறை அடித்தான். மறுபடியும் பச்சை. ஆப்ஷன் ஃபைலைத் திறந்தான். கடைசி வரியில் இரண்டு கோடும் டிரை ரன்னும் மூன்று மாசமாக அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. "ஐயோ," என்றான். "ஐயோ அக்கா. நான்தான்க்கா போட்டேன். ஏப்ரல்ல. எடுக்க மறந்துட்டேன்."

"தொறக்கவே இல்ல, அதானே?"

"மூணு மாசமா தொறக்கவே இல்ல."

மஹ்பூபி எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் நாற்பத்தொன்றாம் நம்பர் கறுப்பு லேடீஸ் ஷூ இரண்டு. ரெண்டும் இடதுகால். "இஸ்திரி சட்டை போட்டுகினு வந்திருக்கே. நல்லதாப் போச்சு," என்றாள்.

ஆள் என்ன கெஞ்சு கெஞ்சினான்! ஒன்றும் நடக்கவில்லை. நடப்பதற்கு முன்னால் ஒரு காரியம் மட்டும் செய்தான். அந்த வரியை அழித்துவிட்டு, கமாண்டை அடித்து, நிஜமாகவே ஓட விட்டான். பிறகு ஹாலுக்குப் போனான். அறுபது பெண்கள் டேப் ஒட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, வலது கால் இடது பக்கமாகத் திரும்பிக்கொள்ள, ஹீல்ஸ் தடக் தடக் என்று அடிக்க, கம்ப்யூட்டர் சார் கோணிக் கோணி ஒரு சுற்று வந்தார். "சார், ஆனுவல் டேல இதே டான்ஸ்!" என்று யாரோ கத்தினார்கள். ஜஹீதா என்கிற புது செக்கர் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் போன வாரம்தான் நடந்திருந்தாள்.

திரும்பி ரூமுக்குள் நுழைந்தால், ஸ்கிரீனுக்கு முன்னால் ஆபித் பாஷா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கவர். மணி பத்து ஐம்பது. பத்து நிமிஷம் முன்னாடியே வந்துவிட்டார் மகராசன்.

"இன்னாடா இது, இன்னும் ஓடிக்கினே இருக்குது?" என்றார். ஸ்கிரீனில் வாக்கியங்கள் ஆமை வேகத்தில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பச்சை, பச்சை, பச்சை. "ஒரு செகண்ட் வேலையாச்சே? என் ராம் புட்டுக்கிச்சா?"

அந்தக் கேள்வியை ஜெஸ்டன் சாகிற வரைக்கும் மறக்க மாட்டான். ஆமா சார் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ராம் புட்டுக்கிச்சு. பழி ராம் மேல். கவர் இவன் கையில். சாயங்காலம் ஜெனிஃபாவுக்குப் போன். மஹ்பூபி வாசலில்தான் நின்றிருந்தாள். அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. எவ்வளவு சுலபம்! ஆனால் நாலு மணிக்கு முந்நூற்று எண்பது கார்ட்டனோடு கன்டெய்னர் சென்னை ஹார்பருக்குக் கிளம்புகிறது. எல்லாமே இவன் ஸ்லிப்பைப் பார்த்துப் போட்ட கார்ட்டன். தப்பாகப் போனால் ஜெர்மனிக்காரன் மொத்தத்தையும் திருப்பி அடிப்பான். அப்போது மஹ்பூபியின் தலைதான் உருளும், கார்ட்டன் மேல் இருக்கிற பேக்கிங் சீல் அவளுடையது.

"ராம் நல்லாத்தான் சார் இருக்குது," என்றான். "மூணு மாசமா நான் எதையுமே செக் பண்ணல சார்." எல்லாவற்றையும் சொன்னான். கரன்ட் போனது, ஜெனரேட்டர், அந்த ஒரு வரி, காய்ச்சல், ஒன்றையும் விடவில்லை.

முதலாளிக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாத பாதியை ஸ்கிரீன் காட்டிக்கொடுத்தது. 'எல்லா சைஸும் குறைஞ்சது ஒரு ஜோடி இருக்கணும்.' பளிச்சென்று சிவப்பு. அடுத்து இன்னொரு சிவப்பு. நாற்பது நிமிஷம் முடிந்தபோது எட்டு சிவப்பு. எட்டில் ஒன்று, அந்த ரெண்டு இடதுகால் வாக்கியம். அதைப் பார்த்ததும் மஹ்பூபி "ஆங், இப்போ முழிச்சிக்கிச்சு!" என்று கை தட்டினாள். மிச்சம் ஏழும் நிஜம். மே மாசம் இன்னொரு பையருக்காகக் கணக்கை மாற்றியபோது, முப்பத்தாறாம் நம்பர் ஜோடியைத் தூக்கிவிட்டு நாற்பத்தொன்றை இரண்டாகப் போட்டிருந்தான். இந்த ஆர்டர்தான் அந்தக் கணக்கில் முதலில் போகிறது. முந்நூற்று எண்பது கார்ட்டனிலும் ஒன்றில் கூட முப்பத்தாறு இல்லை.

ஆபித் பாஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அரே, உன்னை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன்டா! தினம் தினம் பொய் ஷீட்டு குடுத்தியா எனக்கு?" என்று, ஆதாரத்துக்காக டேபிளில் இருந்த ஃபைலை உருவினார். எழுபத்திரண்டு ஷீட். எழுபத்திரண்டிலும் கீழே வால் நீட்டின கையெழுத்து. பக்கத்தில் 'செக்டு' என்று அவரே எழுதினது. இரண்டு மூன்று ஷீட்டைப் புரட்டினார். பிறகு ஃபைலை மெதுவாக மூடி, மெதுவாகவே டேபிளில் வைத்தார்.

"பாய்," என்றாள் மஹ்பூபி வாசலிலிருந்து, "சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். கன்டெய்னர் நாலு மணிக்கு."

அதற்கு மேல் நடந்ததை ஆம்பூரில் கேட்டால் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். ஜெஸ்டன் தப்பைத் திருத்தினது ஒரே வரி. ஆனால் முந்நூற்று எண்பது கார்ட்டனையும் வெட்டித் திறந்து, ஒரு நாற்பத்தொன்றை எடுத்து ஒரு முப்பத்தாறை வைத்து, மறுபடி டேப் ஒட்ட வேண்டும். அறுபது பெண்களும் இறங்கினார்கள். ஜெஸ்டன் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கார்ட்டன் தூக்கினான். ஆபித் பாஷா டேப் ஒட்டினார். அவர் ஒட்டின மூன்று கார்ட்டனை மஹ்பூபி, கோணல் என்று சொல்லிப் பிரித்துத் திரும்ப ஒட்டினாள். சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. நாலரைக்குக் கன்டெய்னர் கேட்டைத் தாண்டியபோது ஹாலில் எல்லோரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலாளி கவரை எடுத்தார். ஜெஸ்டனைப் பார்க்காமல் மஹ்பூபியைப் பார்த்துக் கேட்டார். "இவனை நீ செக் பண்ணியா?"

"பண்ணேன் பாய்."

"இன்னா சொல்ற? ரிஜெக்டா?"

ஜெனிஃபாவின் முகம் ஜெஸ்டனின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மஹ்பூபி அவனை ஷூவைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தாள். "ரிஜெக்ட் இல்ல. ரீவொர்க்," என்றாள். "இனிமே நல்லா ஓடும்."

ஆபித் பாஷா லெட்டரை வெளியே எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டார். முதல் தடவையாக ஒரு பேப்பரை முதலிலிருந்து கடைசி வரை விரல் வைத்துப் படித்தார். ஓர் இடத்தில் அடித்து ஏதோ எழுதினார். பிறகு சைன் பண்ணி நீட்டினார். ஜெஸ்டன் காப்பியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, லெட்டரைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடினான். ஜெனிஃபா வீட்டு லேண்ட்லைனுக்கே போன் போட்டான். எடுத்தது ஹெட்மாஸ்டர்.

"அங்கிள், கன்ஃபர்ம் ஆயிட்டேன்! லெட்டர் கையில இருக்கு!"

"படி," என்றார்.

"அங்கிள்?"

"லெட்டரைப் படிப்பா. முழுசா."

பஸ் ஹாரன்களுக்கு நடுவில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். தேதி, பெயர், இத்தனாம் தேதியிலிருந்து நிரந்தரமாக நியமிக்கப்படுகிறீர்கள். பதவி என்கிற இடத்தில் 'சிஸ்டம்ஸ் எக்ஸிக்யூட்டிவ்' என்று டைப் அடித்ததை முதலாளி அடித்துவிட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார். ஜெஸ்டன் நின்றுவிட்டான். காப்பியில் கையெழுத்துப் போட்டபோது இதை அவன் படிக்கவே இல்லை.

"என்ன, நிறுத்திட்டே?"

"பேக்கிங் செக்கர்னு போட்டிருக்கு அங்கிள்." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினான். "கம்ப்யூட்டர் பிரிவு. மஹ்பூபி அவர்களின் கீழ்."

"கம்ப்யூட்டர் இன்ஜினியர்னுதானே என் பொண்ணு சொன்னா?"

டைப்பிங் மிஸ்டேக் என்று சொல்லலாம். நாளைக்கு மாற்றிவிடுவார்கள் என்று சொல்லலாம். காலையிலிருந்து ரெண்டு தடவை பொய் சொல்ல வாய்ப்பு வந்துவிட்டது, ரெண்டாவது இன்னும் ருசியாக இருந்தது. "தப்பா போடல அங்கிள்," என்றான். "செக் பண்ணாமலே செக் பண்ணேன்னு மூணு மாசம் ஷீட் குடுத்தேன். இன்னைக்குத்தான் மாட்டினேன். வெளிய அனுப்பாம இப்படிப் போட்டிருக்கார்." ரெண்டு இடதுகாலோடு நடந்ததையும் சொல்லிவிட்டான். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

ஹெட்மாஸ்டர் பேசினார். குரல் வேறு மாதிரி இருந்தது. "முப்பத்திரண்டு வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தினேன். கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டாம எத்தனை பேப்பருக்கு மார்க் போட்டேன்னு கர்த்தருக்குத்தான் வெளிச்சம். நல்லவேளை, எங்க ஸ்கூல்ல ஷூ எதுவும் இல்ல." பிறகு கேட்டார். "பெர்மனென்ட்தானே?"

"பெர்மனென்ட்தான் அங்கிள்."

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா. லெட்டரையும் கொண்டா. நான் முழுசா படிச்ச பிறகுதான் சாப்பாடு."

போனை வைத்தார். ஜெஸ்டன் கேட் பக்கத்திலேயே உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் அழுதான்.